பாதியில் ஒலித்த மங்களம்

ஈப்போ பயாஸ்கோப்புக் கொட்டகையின் திரையைத் தைத்தவன் நான். அந்தத் திரைக்குக் கீழே இடது பக்கம் பலகை போட்டு உட்கார்ந்து ஆர்மோனியம் வாசித்தவன் என் தம்பி சீனி. திரையைப் பற்றி எழுத அதிகமில்லை. மல்லுத்துணியை மூட்டி, மூட்டு நடிக்கிறவர்களின் முகத்தில் விழாதபடி ஓரத்துக்குத் தள்ளித் தைத்தேன். சுற்றிலும் கறுப்புக் கரை வைத்தேன். இன்றுவரை ஒரு தையல் விடவில்லை. எழுத வேண்டியது சீனியைப் பற்றித்தான். அவன் இடத்தில் இப்போது ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

நாங்கள் மலாயாவிலேயே, செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது முடித்ததும் நான் ஈப்போவுக்குத் தையல் கற்கப் போனேன். சீனி ரப்பர் பால் வாளி தூக்கினான். தூக்கினான் என்பதைவிடத் தட்டினான் என்பதே சரி. வெறும் வாளி கையில் கிடைத்தால் தாளம் போடாமல் நடக்க மாட்டான். கங்காணி பலமுறை திட்டியிருக்கிறார். ஊரிலிருந்து கப்பலில் வந்த நாடகக் கம்பெனி ஒன்று ஈப்போவில் நாடகம் போட்டபோது, வேலையை விட்டு ஓடிப்போய் அதில் படுதா இழுத்தான். அந்தக் கம்பெனி நொடித்துக் கலைந்தது. ஆர்மோனியக்காரர் கப்பலேறும்போது தன் பெட்டியைச் சீனியிடமே விட்டுப் போனார். அதில் ஒரு கட்டை ஊமை. அழுத்தினால் காற்று மட்டும் வரும். அந்தக் கட்டை வரவேண்டிய இடத்தை அவன் சுற்றிக்கொண்டு போவான். கேட்கிறவர்களுக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியாது. எனக்குத் தெரியும், ஒவ்வொரு முறையும் நான் அதற்காகவே காத்திருந்து கேட்பேன்.

பிறகு கொட்டகை வந்தது. நடத்தியவர் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம். ஞாயிறு பகலில் மட்டும் நம் ஜனங்களுக்காகப் பம்பாய்ப் படம் போடுவார். தோட்டங்களிலிருந்து லாரியில் வருவார்கள். வெளிச்சம் நுழையாமல் இருக்க ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணியும் நானே தைத்தேன். படம் பேசாது. நடுநடுவே வரும் எழுத்தை மேனேஜர் விஸ்வலிங்கம் உரக்கப் படித்துச் சொல்வார். அவர் யாழ்ப்பாணத்தவர், வார நாட்களில் பகலில் ரயில்வே கிளார்க்கு. மற்றதெல்லாம் சீனியின் கையில் இருந்தது.

அவன் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். பிலிம் எங்காவது அறுந்திருக்கிறதா என்று பார்க்கச் சனிக்கிழமை காலையில் ஒருமுறை ஓட்டுவார்கள். அப்போது சீனி ஆர்மோனியத்தைத் திறக்கவே மாட்டான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"ஏன்டா சும்மா இருக்கே?" என்று கேட்டேன் ஒருநாள்.

"மொதல்ல அவங்க பேசட்டும்ணே. அப்புறம் நான் பேசுறேன்."

குதிரை ஓடினால் கொட்டாங்கச்சி. மழை பெய்தால் முறத்தில் மொச்சைக் கொட்டை. ராஜா கோபித்தால் கீழ்க் கட்டைகள். ஆனால் அவனுடைய பெரிய வித்தை, கையை எடுப்பதுதான். ஒரு படத்தில் தாய் செத்த பிள்ளையை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைக்கிறாள். அதுவரை ஒரே சுரத்தை மெல்லப் பிடித்துக்கொண்டு வந்த சீனி, அவள் குனிந்ததும் கையை எடுத்துவிட்டான். படம் ஓட்டும் மெஷினின் கடகடப்பு மட்டும் கேட்டது. முன்வரிசைப் பாயில் ஒருத்தி விசும்பினாள். பிறகு கொட்டகை முழுதும் விசும்பியது. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தவுக்கேயும் பின்னால்தான் நின்றார். படம் முடிந்ததும் விஸ்வலிங்கத்தை இழுத்துக்கொண்டு சீனியிடம் வந்தார்.

"தம்பி, ஏன் கை நிண்டதெண்டு கேக்கிறார். நித்திரையோ எண்டு கேக்கிறார்."

"அந்தம்மா புள்ளையக் கீழ வெக்கிறாங்க சார். அப்ப என்னத்த வாசிக்கிறது?"

விஸ்வலிங்கம் அதை மலாயில் சொன்னார். தவுக்கே கேட்டுவிட்டு நீளமாக ஏதோ சொன்னார்.

"பிள்ளை செத்தாலும் மியூசிக் சாகக்கூடாதாம்," என்றார் விஸ்வலிங்கம், தரையைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த ஞாயிறு கிராமபோன் வந்து இறங்கியது. ஊமத்தம்பூப் போல ஒரு குழாய். கூடவே ஒரு மரப்பெட்டி நிறையப் பிளேட்டுகள்: தமிழ் நாடகப் பாட்டு, இந்துஸ்தானிப் பாட்டு, எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. தீபாவளி வரைக்கும் இது ஓடட்டும், ஜனங்களுக்குப் பிடிக்காவிட்டால் சீனி மறுபடி உட்காரட்டும் என்று தவுக்கே சொல்லிவிட்டார். சாவி கொடுத்துப் பிளேட்டு வைக்க அவருடைய மைத்துனன் ஆ சோய் வந்தான். நல்ல பையன்தான். தமிழும் தெரியாது, இந்துஸ்தானியும் தெரியாது. மேலே இருக்கும் பிளேட்டை எடுப்பான், வைப்பான், முடிந்தால் திருப்பிப் போடுவான், அடுத்ததை எடுப்பான். திரையைப் பார்க்கவே மாட்டான்.

ராஜா மகனைப் பறிகொடுத்து அழுதபோது குழாயிலிருந்து கல்யாண ஊஞ்சல் பாட்டு வந்தது. குதிரைப்படை தாலாட்டுக்கு ஓடியது. தேய்ந்த ஊசி வடை சுடுவதுபோல் இரைந்தது. சாவி தளர்ந்தால் பாடகியின் குரல் இறங்கி இறங்கி எருமைக் குரலாகிவிடும். இந்துஸ்தானி யாருக்குப் புரியப்போகிறது என்று விஸ்வலிங்கம் சமாதானம் சொன்னார்.

"பாஷை தெரியாட்டி என்னா சார்," என்றான் சீனி. "அழுவுறதா சிரிக்கிறதான்னு தெரியும்லா."

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஜனங்களைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர்களுக்குப் பிடித்திருந்தது! குழாயைத் தொட்டுப் பார்த்தார்கள். எங்கள் தோட்டத்து வீரம்மா என்னிடமே வந்து, "என்னா கொரலு மாயாண்டி! ஒந்தம்பி பொட்டி இப்பிடிப் பாடுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சென்ற மாதம் முதலில் விசும்பியவள் அவள்தான்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். அன்றைய படத்தில், ராஜா மணந்து, பிறகு சந்தேகப்பட்டுத் துரத்திய ஒரு குயவர் வீட்டுப் பெண், கைக்குழந்தையோடு கிணற்று விளிம்பில் நிற்கிறாள். உண்மை தெரிந்துவிட்ட ராஜா குதிரையில் பறந்து வருகிறான். கொட்டகையே மூச்சைப் பிடித்திருந்தது. அந்த நேரம் பார்த்துப் பிளேட்டு முடிந்தது. ஆ சோய் வழக்கம்போல் திருப்பிப் போட்டான்.

மறுபக்கத்தில் இருந்தது மங்களம்.

நாடகமோ பஜனையோ கச்சேரியோ, நமக்கு எதுவும் மங்களத்தோடுதான் முடியும். அது காதில் விழுந்தால் எழுந்து கும்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அதற்கு யோசனை வேண்டாம், காலே எழுந்துவிடும். முதல் அடி ஒலித்ததும் வீரம்மா எழுந்து கைகூப்பினாள். பாயை உதறினாள். அவளுக்குப் பின்னால் வரிசை வரிசையாக எழுந்தார்கள். தூங்கிய பிள்ளைகளைத் தோளில் போட்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"நில்லுங்கோ! படம் முடியேல்லை! இருங்கோ!" என்று விஸ்வலிங்கம் கத்தினார். குழாய் அவரைவிட உரக்கப் பாடியது. எல்லாரும் எழுந்து ஓடுவதைக் கண்ட ஆ சோய், தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து அவர்களுக்கு முன்னால் வெளியே பாய்ந்தான். ராஜாவின் குதிரை கிளம்பிப்போகிறவர்களின் முதுகில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே லாரிகள் புறப்பட்டுவிட்டன.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நாளைக்கே உன்னைக் கூப்பிடுவான் பாரு தவுக்கே," என்றேன் சீனியிடம்.

அவன் சிரிக்கவில்லை. காலிக் கொட்டகையில் நின்று கடைசிவரை பார்த்தான்.

"பொழைச்சிட்டாண்ணே அவ," என்றான். "பாக்கத்தான் ஆளில்ல."

திங்கள் போயிற்று, கூப்பிடவில்லை. செவ்வாய் போயிற்று. புதன்கிழமை தையல் கடையை அடைத்துவிட்டு நானே கொட்டகைக்குப் போனேன். விஸ்வலிங்கம் அந்தப் பிளேட்டை எடுத்துக் காட்டினார். மங்களம் இருந்த பக்கத்தில் சிவப்புப் பெயிண்டு பூசியிருந்தது.

"இனி இந்தப் பக்கம் போடமாட்டினம். பிரச்சினை முடிஞ்சுது."

"பிரச்சினை பிளேட்டுல இல்ல சார். அவன் திரையப் பாக்காம போடுறானே, அதுல இருக்கு. எத்தனை பிளேட்டுக்குப் பெயிண்டு அடிப்பீங்க?"

"எனக்கு விளங்காமலோ, மாயாண்டி? ஆனா சனம் வருகுதே." பிளேட்டை மரப்பெட்டியில் வைத்தார். "தவுக்கே இனிச் சீனி வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார். அந்தப் பெட்டிக்கு வெல்வெட்டிலை ஒரு உறை தைச்சுத் தர ஏலுமோ எண்டும் கேட்டவர்."

"அது வாயைத் தைக்கணும்னா சொல்லுங்க. சும்மாவே தைச்சுத் தாரேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவ்வளவுதான். ஒரு கொட்டகை ஜனம் எழுந்துபோனதற்கு ஒரு டப்பா பெயிண்டு பதிலாகிவிட்டது.

தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போனோம். சீனி ஆர்மோனியத்தையும் தூக்கிக்கொண்டு வந்தான். கொட்டகையில் அதற்கு இனி வேலை இல்லை. எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் காலெடுத்து வைத்ததுமே வீரம்மா மறித்துக்கொண்டாள்.

"எலே சீனி, அந்தப் பொண்ணு கெணத்துல விழுந்துச்சா, இல்லியா? எனக்குச் சோறு எறங்கல."

"பாதியில எந்திரிச்சுப் போனது யாரு?"

"மங்களம் பாடுனா எந்திரிக்காம? சாமி குத்தம் வாங்கவா? சொல்லுடா."

சீனி வாசலிலேயே உட்கார்ந்து ஆர்மோனியத்தைத் திறந்தான். கிணற்றங்கரையிலிருந்து ஆரம்பித்தான். இரண்டு வார்த்தை சொல்வான், பிறகு வாசிப்பான். பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் தானாகவே கொட்டாங்கச்சி கொண்டுவந்து கொடுத்தாள். குதிரை ஓடியது. வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ராஜா குதிரையிலிருந்து குதித்தான், ஓடினான், அவள் ஒரு காலை விளிம்புக்கு வெளியே எடுத்தாள். சீனி கையை எடுத்தான்.

யாரும் அசையவில்லை. ஏன் கை நின்றது என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

பிறகு அவள் பிழைத்தாள். குழந்தை சிரித்தது. சீனி துருத்தியை மூடிக் கொக்கியை மாட்டினான். கூட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"என்னடா, மங்களம் வாசி," என்றாள் வீரம்மா. "நாங்க எந்திரிக்க வேணாமா? அடுப்புல ஒலை காயுது."

"வாசிக்க மாட்டேன்கா."

"அப்ப எப்பிடி எந்திரிக்கிறது?"

"எந்திரிக்காதீங்க," என்றான் என் தம்பி.

வீரம்மா வாய்க்குள் ஏதோ திட்டினாள். வரும் ஞாயிற்றுக்கிழமை லாரியில் அவளும் ஏறிக் கொட்டகைக்கு வருவாள், குழாயைப் புகழ்வாள், எனக்குத் தெரியும். ஆனால் அன்று, உலை கொதித்து வழிந்து அடுப்பு அணையும் சத்தம் கேட்டும், அவள் எழுந்திருக்கவில்லை.