சூடேறி அணைந்த பட்டியல்

சுனாமியில் கடல் வந்து போன மூன்றாம் மாதம் கல்முனையில் ஒரு நிவாரண அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அலுவலகம் என்றாலும் பாடசாலை வளவுக்குள் அடித்த தகரக் கொட்டில்தான். இறந்தவர்களின் பெயர், வயது, உறவுமுறை எல்லாவற்றையும் வீட்டாரிடம் கேட்டு லெப்டொப்பில் பதிய வேண்டும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எங்கள் வீட்டில் மதில்தான் விழுந்தது, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. அதனால் இந்த வேலை எனக்கு ஏலும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

பத்து மணிக்கே தகரம் கொதிக்கும். மேசை பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று நான் வீட்டிலிருந்து தடித்த துணி ஒன்று கொண்டுவந்து விரித்திருந்தேன். லெப்டொப் அதன்மேல் இருந்தது. உள்ளே விசிறி இரையும், தட்டும்போது விரல் சுடும். மெசின் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் நடுப்பகல் லுஹர் தொழுகைப் பாங்குக்குச் சற்று முந்தி திரை கறுத்துப்போனது. காலையில் பதிந்த இரண்டு குடும்பங்களின் விபரமும் அதோடு போயிற்று. அடிக்கடி சேமித்துவைக்கும் பழக்கம் எனக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

விபரம் தந்த இருவரில் ஒருவர், கடலுக்குப் போகிற தமிழ் மனிதர், வெளியே மர நிழலில் நின்றார். நான் போய்க் கேட்டேன்.

"அண்ணன், மெசின் நிண்டுபோச்சு. ஒருக்காத் திரும்பச் சொல்லுவீங்களா?"

அவர் மரத்தில் சாத்தியிருந்த சைக்கிளை எடுத்தார்.

"மனிசிட பேர் சொல்லிட்டன். மகள்ட பேரும் சொல்லிட்டன். இன்னொருக்கா ஏலாது தங்கச்சி."

சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். அவருடைய விபரத்தைப் பிறகு கிராம சேவகரிடம் வாங்கினேன்.

மற்றவர் எங்கள் பக்கத்துத் தெரு ராத்தா, எனக்கு அக்கா முறை. கணவரையும் மூன்று ஆண்பிள்ளைகளையும் இழந்தவர். அன்று காலை நெடுநேரம் கதைத்துவிட்டு முகாமுக்குப் போயிருந்தார். தேடிப் போய் மறுபடி கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஞாபகத்தில் இருந்ததை வைத்தே எழுதி முடித்தேன்.

மறுநாள் சம்மாந்துறையிலிருந்து லெப்டொப் திருத்துகிற ஒருவர் வந்தார். முதல் வேலையாக மேசைத் துணியை உருவி எறிந்தார்.

"காத்துப் போற ஓட்டையெல்லாம் அடைச்சி வெச்சிரிக்கீங்க. சூடு எங்கால போறது?"

கழற்றி, விசிறியில் அடைந்திருந்த மணலையும் தூசையும் தூரிகையால் எடுத்தார். அடியில் இரண்டு மரத்துண்டு வைத்து உயர்த்தினார். எத்தனை பாகை சூடு என்று காட்டுகிற ஒன்றையும் திரை மூலையில் போட்டுத் தந்தார்.

"எண்பதத் தாண்டினா நிப்பாட்டி ஆறவிடுங்க. அதுக்கும் மேல ஏறினா தன்னப் பாதுகாக்க அதுவா அணையும். ஒவ்வொரு ஆளையும் பதிஞ்ச உடன சேமியுங்க."

"ஈரத்துணி வைக்கலாமா?"

"வெச்சா உள்ள தண்ணி இறங்கி மொத்தமாப் போயிரும்."

அதன்பிறகு உச்சி வெயிலில் லெப்டொப்பை மூடிவிட்டு கொப்பியில் எழுதினேன். ஒருநாளும் அது மறுபடி அணையவில்லை.

சில கிழமை கழித்துப் பட்டியலை வெளியே ஒட்டினோம். ராத்தா வந்து வெகுநேரம் வாசித்தார். பிறகு உள்ளே வந்து கதிரையில் இருந்தார்.

"தங்கச்சி, சின்னவனுக்கு மூணு வயசு. அஞ்செண்டு இரிக்கி."

நடந்ததைச் சொன்னேன். கஷ்டப்படுத்தக் கூடாது என்றுதான் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டிரிக்கலாமே. எனக்குக் கஷ்டமெண்டு இப்ப ஆரும் அவன்ட பேரே எடுக்கிறல்ல."

குரலில் கோபம் இல்லை. நான் அஞ்சை அழித்து மூன்றாக்கினேன். அவர் எழும்பிப் போகவில்லை. அவனுக்குக் கோழி என்றால் பயம், சோற்றில் சீனி போட்டால்தான் தின்பான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பதிவதற்கு அதில் ஒன்றும் இல்லை. வாசலில் வரிசை நீண்டது. நான் இரண்டு தரம் வெளியே பார்த்தேன். அதைக் கண்டு அவர் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு எழும்பினார்.

யுத்தம் முடிந்த வருடம் அலுவலகத்தில் திரும்பவும் என்னைக் கூப்பிட்டார்கள். வடக்கில் முகாம்களில் ஆட்களைப் பதிய வேண்டுமாம், புது லெப்டொப் தருவார்களாம். "ஏன் போகல்ல?" என்று வாப்பா கேட்டார். தலையிடி என்றேன். ராத்தா அப்போதும் முகாமில் ஒரு தகரக் கொட்டிலில்தான் குடியிருந்தார். வழியில் கண்டால் ஸலாம் சொல்வார், நானும் பதில் சொல்லிவிட்டு, சின்னவன் பேரை எடுக்காமல் நடந்துவிடுவேன்.