சும்மா கிடந்தும் சுட்ட கார்டு

1. ஆள் பிடிக்கக் கூப்பிட்டார்கள்

"அக்கா, எங்க இருக்கீங்க? சட்டுனு கடைக்கு வாங்க. மெசின் பாக்க இல்ல, ஒரு ஆளைப் புடிக்கணும்" என்றார் துளசிராம் போனில்.

"ஆளைப் புடிக்கிறதுக்கு நான் என்ன ஸ்டேஷன்லயா வேலை பாக்குறேன்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதனால் விஷயம் பெரிது என்று தெரிந்துகொண்டேன்.

மதுரை வில்லாபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் ஆகியும் புதிதாக வருகிறவர்கள் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "சார் இல்லையாம்மா?" என்பார்கள். "சார் வீட்டுல சமைச்சுக்கிட்டு இருக்காரு, நீங்க மெசினைக் கீழ வைங்க" என்பேன். என் வீட்டுக்காரர் நிஜமாகவே நன்றாகச் சமைப்பார்.

துளசிராமுக்குக் கீழவாசல் பக்கம் போட்டோ ஸ்டுடியோ. கல்யாண ஆல்பம்தான் முக்கியத் தொழில். அவரும் என்னைப் போலச் சௌராஷ்டிரக்காரர். ரகசியம் என்றால் என்னோடு வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழிக்கு மாறிவிடுவார். மனிதர் நல்லவர். ஆனால் ஒன்று மனதில் விழுந்துவிட்டால் எடுக்கவே முடியாது.

அவரிடம் ஆல்பம் டிசைன் செய்கிறவள் பாண்டிச்செல்வி. தினமும் ஒத்தக்கடையிலிருந்து பஸ் பிடித்து வருவாள். தாலி கட்டும் போட்டோவில் பின்னால் நிற்கும் கேமராக்காரரை, ஆள் நின்ற தடமே தெரியாமல் அழித்துவிடுவாள். அவ்வளவு கைத்திறன்.

நான் போனபோது செல்வி தன் கேபினில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பிளைவுட் வைத்து அடைத்த சின்னக் கேபின். உள்ளே நுழைந்ததும் இட்லி கொப்பரையைத் திறந்தது போல முகத்தில் சூடு அடித்தது. மேசைக்குக் கீழே கம்ப்யூட்டர் காற்றாடி உறுமிக்கொண்டிருந்தது.

துளசிராம் எங்கள் மொழிக்கு மாறி மெதுவாகச் சொன்னார். செல்வி சாப்பிடப் போகும்போதுகூட மெசின் கொதிக்கிறது. யாரும் தொடாத நேரத்தில், திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு எதற்குச் சூடாக வேண்டும்? அவள் ஊரில் புதிதாக ஒரு ஸ்டுடியோ திறந்திருக்கிறார்கள். அவர்களுடைய வேலையை இந்த மெசினில் ஏற்றிவிட்டுப் போகிறாள். அவளுக்குத் தெரியாமல் கண்டுபிடித்துக் கொடுங்கள், இன்றோடு கணக்கை முடித்து அனுப்பிவிடுகிறேன். பசுமலை கண்ணனிடமும் பத்து நாள் முன்னாலேயே சொல்லியாயிற்று.

கண்ணன் என்பவர் பசுமலையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அவருடைய நண்பர். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் பழக்கம். ஓரிடத்தில் கெட்ட பெயர் வந்தால் மதுரையில் எந்த ஸ்டுடியோவிலும் நாற்காலி கிடைக்காது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"துளசி, பேசுறதைத் தமிழ்லயே பேசு. அந்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு இதென்ன குசுகுசுன்னு?" என்றேன்.

செல்வி திரும்பவே இல்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "பரவால்லக்கா. நான் இங்க வந்து அஞ்சு வருசமாச்சு. அண்ணன் அவரு வீட்டம்மாட்ட போன்ல பேசுறது பூராம் எனக்குப் புரியும்."

துளசிராமின் முகம் போன போக்கை நான் சொல்லப் போவதில்லை.

"அண்ணே, நான் யாரு வேலையையும் இங்க கொண்டாந்து செய்யல" என்றாள் செல்வி. "அக்கா பாக்கட்டும். என் மேல தப்பு இருந்தா நானே போறேன்."

2. இல்லாததும் சாட்சியாம்

கம்ப்யூட்டரை மேசையின் கீழே ஒரு பெட்டி செய்து அதற்குள் அடைத்து, பின்பக்கத்தைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்து வைத்திருந்தார்கள். பூனை வந்து வயரைக் கடிக்கிறது என்று துளசிராம் ஆசாரியை வைத்துச் செய்த ஏற்பாடு. பூனைக்கு இருக்கிற அறிவு கூட இல்லையே என்று முனகிக்கொண்டே பக்கவாட்டுப் பலகையை மட்டும் கழற்றினேன். பின்னால் என்ன செருகியிருக்கிறது என்று பார்க்க வழியில்லை.

முதலில் ப்ளோயர் வைத்துத் தூசி அடித்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு, மெசினில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ஆல்பம் சாஃப்ட்வேர் ஒன்றுதான் ஓடியது. அதையும் மூடச் சொன்னேன். கார்டின் பயன்பாடு பூஜ்யத்தை ஒட்டி இறங்கியது. சூடு மட்டும் இறங்கவில்லை.

"பாரு, ஒண்ணும் ஓடல" என்றேன்.

"அதுதாங்க்கா விஷயமே! நம்ம பாத்தா அது தானா நின்னுக்கிருமாம். யூடியூப்ல ஒருத்தன் அம்புட்டையும் புட்டுப்புட்டு வைக்கிறான்."

அப்படியும் திருட்டு புரோகிராம்கள் உண்டு என்பதால் என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் இந்த நியாயத்தில் செல்வி எப்படித்தான் தப்பிப்பாள்? ஏதாவது ஓடினால் அவள் குற்றவாளி. ஒன்றும் ஓடாவிட்டால் கெட்டிக்காரக் குற்றவாளி.

என் பையில் எப்போதும் ஒரு டெஸ்ட் டிஸ்க் இருக்கும். அதில் என்னுடைய விண்டோஸ், கார்டை இயக்கும் என்னுடைய டிரைவர் சாஃப்ட்வேர்கள். மெசினுக்குள் இருந்த டிஸ்குகளின் வயரைக் கழற்றிவிட்டு, நெட் கேபிளைச் சுவர்ப் பக்கம் உருவிவிட்டு, என் டிஸ்க்கை முன்பக்க யூஎஸ்பியில் செருகி ஸ்டார்ட் செய்தேன்.

"துளசி, இப்ப செல்வியோட சாமான் எதுவும் இதுல ஓடல. நெட்டும் இல்ல. இதுல இருக்கிறது பூராம் என்னுது. இப்பச் சூடானா என்னையத்தான் நீ சந்தேகப்படணும். சரியா?"

"சரிக்கா."

மூன்று பேரும் அந்தக் கேபினில் வியர்த்து நனைந்தபடி காத்திருந்தோம். அந்தக் கார்டில் சூடு குறைவாக இருந்தால் காற்றாடி சுற்றாது. ஓர் அளவுக்கு மேல் ஏறினால்தான் சுற்ற ஆரம்பிக்கும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக எடுத்து, பழையபடி உறும ஆரம்பித்தது.

செல்வி முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வந்தது. துளசிராம் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப கார்டே கோளாறாக்கா?" என்று கேட்டார்.

அவள் மேல் இருந்த பழி பாதி இறங்கியது, முழுதாக இல்லை. நிஜக் காரணத்தைக் கையில் கொடுக்காவிட்டால் நாளைக்கு யூடியூப்பில் வேறொருவன் வேறொன்று சொல்வான். மனிதர் மறுபடி ஆரம்பிப்பார்.

3. காணாமல் போகும் மவுஸ்

கார்டின் விவரங்களைக் காட்டும் டூலைத் திறந்தேன். வேலை ஒன்றும் இல்லாதபோது கார்டின் மெமரி வேகம் தரைக்கு இறங்கிவிட வேண்டும். இதில் உச்சத்திலேயே நின்றது. கரண்டும் சும்மா இருக்கும் கார்டு எடுப்பதைப் போலப் பல மடங்கு எடுத்துக்கொண்டிருந்தது. ஒன்றுக்கு மேல் திரை மாட்டியிருந்தால் சில கார்டுகள் இப்படிச் செய்யும், அது எனக்குத் தெரியும். ஆனால் மேசையில் இருந்ததோ ஒரே ஒரு மானிட்டர்.

எங்கேயும் பிடி கிடைக்காதபோது நான் மெசினை விட்டுவிட்டு ஆளைக் கேட்பேன்.

"செல்வி, அழுதது போதும். இந்த மெசின்ல உனக்கு என்ன இடைஞ்சல்? சின்னதா இருந்தாலும் சொல்லு."

துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "பெருசா ஒண்ணுமில்லக்கா. மவுஸுதான் அப்பப்பக் காணாமப் போயிரும். வலது பக்கம் நகத்துனா அப்படியே ஓடிரும். திரும்ப இழுத்துட்டு வரணும். ஒருதடவை போட்டோ ஃபோல்டரே அந்தப் பக்கம் போயி, பாதி நாளு தேடுனேன்."

"எப்ப இருந்து?"

"ஹால்ல டிவி மாட்டுனதுல இருந்துன்னு நெனைக்கிறேன்."

"எந்த டிவி?" என்று கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டேன்.

கல்யாண ஆல்பத்துக்குப் போட்டோ பொறுக்க ஒருவர் இருவர் வருவதில்லை. வேன் பிடித்து வருவார்கள். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, தாய்மாமன்மார், அவர்களோடு வந்த பிள்ளைகள். எல்லோரும் செல்வியின் நாற்காலிக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்று திரையில் விரலை வைத்து, "சீர் கொண்டாந்த தாய்மாமன் படம் இம்புட்டுத்தானா?" என்று சண்டை போடுவார்கள். இதைச் சமாளிக்கத்தான் துளசிராம் ஹாலில் பெரிய டிவி மாட்டி, கேபிளைப் பிளைவுட்டில் துளை போட்டு கம்ப்யூட்டரின் கார்டில் செருகியிருந்தார். எல்லோரும் சோபாவில் உட்கார்ந்து பார்க்கலாம். நல்ல யோசனைதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

டிவி கறுப்பாக இருந்தது.

"இது ஆஃப்ல தான இருக்கு?"

"ஆமாக்கா. ஆளு வந்தா மட்டும் போடுவோம். போனதும் ரிமோட்ல அமத்திருவோம்" என்றார் துளசிராம்.

நமக்குத்தான் டிவி ஆஃப். கேபிள் செருகியிருக்கும்வரை இந்த டிவி தன்னைக் கார்டுக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. கார்டும் இரண்டு திரைகளுக்கும் படம் அனுப்பிக்கொண்டே இருந்தது. மவுஸ் காணாமல் போகவில்லை, அணைந்து கிடந்த டிவிக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

சூட்டுக்குக் காரணம் இரண்டு திரைகளின் வேகம். செல்வியின் மானிட்டர் நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு முறை படம் மாற்றுகிற ரகம். டிவி அறுபது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே இருக்கிற சின்ன இடைவெளியில்தான் கார்டு தன் மெமரி வேகத்தை மாற்ற முடியும். இரண்டு திரைகளின் இடைவெளியும் ஒத்துப்போகாவிட்டால் இறங்க நேரமே வாய்க்காது. பந்தியில் ஒருவர் வேகமாகவும் பக்கத்தில் இருப்பவர் நிதானமாகவும் சாப்பிட்டால் பரிமாறுகிறவர் உட்கார முடியாதல்லவா? அந்த நிலைமைதான் கார்டுக்கும்.

செல்வியைத் திரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, டிவியின் பின்னால் கையை விட்டுக் கேபிளை உருவினேன்.

"அக்கா! மெமரி வேகம் இறங்கிருச்சு!" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

கேபினுக்கு வந்து நின்றோம். சூடு படிப்படியாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் காற்றாடி நின்றது. வெளியே பஸ் ஹாரன் அடிப்பது அப்போதுதான் காதில் விழுந்தது.

துளசிராம் தானே ஹாலுக்குப் போய்க் கேபிளைச் செருகினார். ஏறியது. உருவினார். இறங்கியது. மறுபடி செருகினார்.

"துளசி, கார்டுக்கு வலிக்கும், விடு" என்றேன்.

பிறகு அந்தப் பெட்டியின் ஆணியை நெம்பி, மெசினை வெளியே இழுத்து, டிவி கேபிளைக் கார்டிலிருந்து எடுத்து மதர்போர்டிலேயே திரை மாட்ட இருக்கும் போர்ட்டில் மாற்றினேன். ப்ராசஸரிலேயே படம் காட்டும் சின்ன கிராபிக்ஸ் இருந்தது. அதை மெசினின் ஆரம்ப செட்டிங்கான பயாஸில் ஆன் செய்து, கழற்றி வைத்த டிஸ்க் வயர்களையும் மாட்டிவிட்டேன். சோபாவில் உட்கார்ந்து போட்டோ பார்க்க அது தாராளம். செல்வியின் மானிட்டர் மட்டும் கார்டில் இருந்தது. டிவியும் ஓடியது, கார்டும் குளிர்ந்து கிடந்தது.

4. ஸ்பீக்கரில் போட்ட போன்

"சரி செல்வி. மனசுல ஒண்ணும் வச்சுக்காத. வேலையப் பாரு" என்றார் துளசிராம்.

செல்வி உட்காரவில்லை. சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"அண்ணே, கண்ணன் அண்ணன்ட்ட என்னையப் பத்திச் சொன்னீங்கள்ல? இப்ப அவருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நான் கேக்கணும். அப்புறந்தான் உக்காருவேன்."

துளசிராம் என்னைப் பார்த்தார். நான் டிஸ்க்கைப் பையில் வைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். இதில் அவருக்குக் கைகொடுக்க எனக்கு விருப்பமில்லை. அவர் போன் போட்டார். ஒன்று சொல்ல வேண்டும், போட்ட பிறகு மென்று முழுங்கவில்லை.

"மாப்ள, நம்ம செல்வி விஷயமா உங்கிட்டச் சொன்னேன்ல? தப்புடா. அந்தப் பிள்ள ஒண்ணும் பண்ணல. நான் மாட்டுன டிவி வயருதான் கார்டைச் சுட வச்சிருக்கு. சும்மா இருந்தவ மேல பழியப் போட்டுட்டேன்."

துளசிராம் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

"கண்ணா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்டா." கண்ணனின் குரல் இறங்கிப்போயிருந்தது. "நீ சொன்னதைக் கேட்டுத்தான்டா நானும் என் மெசினைத் தொட்டுப் பாத்தேன். சும்மா இருக்கும்போதே சுட்டுச்சு. உன்னையப் பாத்துத்தான நானும் டிவி மாட்டுனேன். பாலுவும் வெளி வேலை ஏத்துறான்னு நெனச்சு, போன வாரம் அவனை வேலையை விட்டு நிறுத்திட்டேன்."

பாலு என்பவர் கண்ணனின் டிசைனர். எனக்குத் தெரியும், செல்விக்கும் தெரியும். துளசிராம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

செல்வி பையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனை அவர் கையிலிருந்து வாங்கினாள். "கண்ணன் அண்ணே, நான் செல்வி பேசுறேன். போனை வைக்காதீங்க. டிவிக்குப் பின்னால இருக்க வயரை உருவுங்க. உருவிட்டுக் காத்தாடி நிக்குதான்னு பாருங்க. நின்னா பாலு அண்ணனுக்குப் போன் போடுங்க."

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணன், "நின்னுருச்சும்மா" என்றார்.

அன்றைக்கே பாலுவைக் கூப்பிட்டாராம். பாலு மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "சந்தோசம்ணே" என்று வைத்துவிட்டார். திரும்பி வரவில்லை. கோயம்புத்தூரில் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மனைவியையும் கைக்குழந்தையையும் இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வேலையில்லாத கார்டு சூடானால் எத்தனை திரை செருகியிருக்கிறது என்று எண்ணுங்கள். அணைந்து கிடக்கும் திரையையும் சேர்த்து எண்ணுங்கள். முடிந்தால் எல்லாத் திரைகளையும் ஒரே வேகத்தில் வையுங்கள், இல்லையென்றால் ஒன்றை மதர்போர்டுக்கு மாற்றுங்கள். அதற்கெல்லாம் முன்னால், மெசினில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவரிடம் கேளுங்கள். துளசிராம் யூடியூப்பைக் கேட்டார், கண்ணனைக் கேட்டார், என்னைக் கேட்டார். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த செல்வியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாலு இன்றைக்கும் பசுமலையில்தான் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.