அண்ணாவின் ஞானஸ்நானம்

மெல்பேர்னில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய வரலாறு படிப்பிக்கிறேன். உரோமப் பேரரசு சரிந்த பிறகு மேற்கு ஐரோப்பாவின் மக்கள் எப்படிக் கிறிஸ்தவர்களானார்கள் என்பதுதான் என் பாடம். மல்கிரேவில் இருக்கும் என் அண்ணாவுக்கு அதில் ஒருநாளும் அக்கறை இருந்ததில்லை. அண்ணி இறந்த பிறகு, பக்கத்து வீட்டுக் குடும்பத்தோடு ஒரு தமிழ்க் கிறிஸ்தவ சபைக்குப் போகத் தொடங்கினார். ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "ஞானஸ்நானம் எடுக்கப்போறன், தங்கச்சி" என்றார்.

வகுப்பில் சொல்லும் கதையொன்றைச் சொன்னேன். வடகடல் கரையில் ஓர் அரசன். ஞானஸ்நானத் தொட்டிக்குள் ஒரு காலை வைத்தவன், தன் முன்னோர் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டான். நரகத்தில் என்றார் கிறிஸ்தவக் குரு. அப்படியென்றால் நானும் அவர்களோடேயே இருக்கிறேன் என்று காலை வெளியே எடுத்துவிட்டான். பிற்காலத்தில் கட்டிய கதையாக இருக்கலாம் என்றும் சொன்னேன். மாணவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். அண்ணா சிரிக்கவில்லை.

ஒரு பாடசாலை மண்டபத்தில், காற்றடித்த நீச்சல் தொட்டியில் ஞானஸ்நானம். நான் கடைசி வரிசைக் கதிரையில் இருந்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் அண்ணா நின்றுவிட்டார்.

"பாஸ்டர், என்ர அம்மா சைவம். ஊரில சண்டைக்குள்ள செல்லடியில செத்தவ. இப்ப எங்க இருக்கிறா?"

பாஸ்டர் திருநெல்வேலிக்காரர், அண்ணாவைவிட வயதில் இளையவர். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அண்ணாவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியலண்ணே. தெரிஞ்ச மாதிரி சொல்லவும் மாட்டேன்."

அண்ணா தொட்டியின் விளிம்பைப் பிடித்தார். பிறகு இறங்கினார்.

அந்த வருடம் என் வீட்டில் செய்யும் அம்மாவின் திவசத்துக்கு வரமாட்டார் என்றே நினைத்திருந்தேன். வந்தார். திருநீறு பூசவில்லை, சாமியறைக்குள்ளும் வரவில்லை. குசினியில் நின்று வாழைக்காய் வெட்டித் தந்தார்.

"படைச்சதை நான் சாப்பிடேலாது" என்றார்.

"தெரியும். படைக்க முதலே உங்களுக்குப் போட்டுத் தாறன்."

அம்மாவுக்குப் படைக்க முன்னர் எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைப்பதில்லை, ருசி பார்ப்பதற்குக்கூட. அண்ணா குசினி மேசையில் தனியே இருந்து சாப்பிட்டார்.

"குழம்புக்கு உப்புக் காணாது" என்றார்.

உப்புப் போட்டுக் கலக்கினேன். பிறகு அம்மாவுக்குப் படைத்தேன்.