முழங்கையில் இறங்கிய ஏழு

பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போர் விமானம் கட்டுவேன். பயப்பட வேண்டாம், பிளாஸ்டிக்தான். நிஜ விமானத்தை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதைத் தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசி, எஞ்சின் வாயில் புகைக்கறை வரைக்கும் வைத்து நிமிர்வதற்குள் எனக்குச் சில மாதங்கள் ஓடிவிடும். உத்திரமேரூரில் இதைச் செய்கிற ஆள் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். இன்னொருவர் இருந்தால், அவரும் என்னைப் போலவே பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறார் போல.

என் மனைவி இந்த விளையாட்டில் தலையிட்டதே இல்லை. பசை நாற்றம் தாங்காமல் கதவைச் சாத்தச் சொல்வாள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் ஒருநாள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவள் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. என் மச்சான் விமானப்படையில் மிக்-21 ஜெட்டுகளுக்கு ரிப்பேர் பார்த்தவர். ஆனால் சொந்தக்காரர்களில் ஒருவருக்கும் அதில் நம்பிக்கை கிடையாது. "அங்க போயி உருளக்கெயங்கு உரிச்சிக்கினு இருந்துருப்பாரு" என்று விசேஷத்துக்கு விசேஷம் கிண்டல். மச்சானிடம் சாட்சிக்கு இருப்பது ஒரே ஒரு போட்டோ. விமானத்தின் மூக்கருகே ஸ்பேனரும் கையுமாக நிற்கிறார், தலைக்கு மேலே விமானத்தின் நம்பர்.

"அதே நம்பரு போட்ட பிளேன மேடையில வச்சிட்டா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்" என்றாள். "அண்ணனுக்கு செஞ்சி குடுப்பீங்களா?"

அந்தப் பின்னறையிலிருந்து அவள் கேட்ட முதல் பொருள் அது. இதென்ன பெரிய விஷயம் என்று சொல்லிவிட்டேன். நான் அப்படிச் சொன்ன காரியங்களின் வரலாறு அவளுக்குத் தெரியும். இருந்தும் நம்பினாள்.

வேலை நன்றாகவே நடந்தது. மூக்கின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழாய், பெட்டியில் வந்தபோதே உடைந்திருந்தது. மாட்டு டாக்டரிடம் புது ஊசி ஒன்று கேட்டு வாங்கி அதைச் செருகினேன். நிஜத்தை விட நிஜமாக இருந்தது. உடம்பெல்லாம் வெள்ளி வண்ணம். வெள்ளி பூசினால் அடியில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் ஊரைக் கூட்டிப் பேசும். அதனால் வாரக்கணக்கில் தேய்த்தேன். மிச்சமிருந்தது நம்பர் மட்டும்.

நம்பரை எழுதுவதில்லை, ஒட்டுவது. தாளின் மேல் பால் ஆடை மாதிரி மெல்லிய படலமாக அச்சடித்து வரும். வெட்டித் தண்ணீரில் போட்டால் தாளை விட்டு வழுக்கும். தூரிகையால் நகர்த்தி விமானத்தின் மேல் ஏற்றி, ஈரம் இருக்கும்போதே நேராக்கி, ஒற்றி எடுத்தால் பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் மேலே ஒரு கோட் வார்னிஷ் அடித்தால் பிறகு அசையாது. மச்சானின் நம்பர் எந்தத் தாளிலும் முழுசாக இல்லை என்பதால் ஒவ்வோர் இலக்கமாக வெட்டிச் சேர்த்தேன். கடைசி இலக்கம் ஏழு. என்னிடமிருந்த தாள்களிலேயே சரியான அளவில் இரண்டு ஏழுதான். விமானத்துக்குப் பக்கமும் இரண்டு. கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

விசேஷத்துக்கு முந்தின நாள் காலை இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கத்துக்கு உரிய ஏழைத் தண்ணீரில் போட்டேன். எங்கள் போர்வெல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் பூக்கும் என்பதால் கேன் தண்ணீர்தான். எட்டி இடுக்கியை எடுத்துக்கொண்டு திரும்பினால், தட்டில் தாள் மட்டும் இருக்கிறது. ஏழைக் காணவில்லை.

முதலில் ஃபேனை நிறுத்த ஓடினேன். அது ஏற்கெனவே நின்றுதான் இருந்தது. பின்னால் வயலில் அறுப்பு மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் பதரும் தூசியும் வராமலிருக்க ஜன்னலையும் அடைத்திருந்தேன். ஆக, பறந்து போயிருக்க வழியில்லை. அந்த நேரம் பார்த்து மனைவி டீயோடு உள்ளே கால் வைத்தாள்.

"அசையாத!" என்று கத்தினேன்.

ஒரு காலைத் தூக்கினபடியே நின்றாள். "இன்னா, பாம்பா?"

"ஏழு."

"ஏளு பாம்பா?"

"நம்பர். உங்கண்ணன் நம்பர். காணோம்."

அவள் முகம் மாறியது. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அவளும் மண்டியிட்டாள். தட்டுத் தண்ணீரை டீ வடிகட்டியில் வடித்தோம். மிதியடியை உதறினோம். சுவரில் இருந்த பல்லியைச் சந்தேகத்தோடு பார்த்தேன், அதுவும் என்னை அப்படியே பார்த்தது. கையாலேயே எழுதிவிடலாமா என்று ஒரு காகிதத்தில் முயன்றேன். தாமிரக் கம்பியைச் சுற்றிப் பழகிய கை, ஏழு போட்டால் அருவாள் வருகிறது.

"அண்ணிகிட்ட போன்ல சொல்லிட்டேங்க" என்றாள் மனைவி, தரையைத் தடவிக்கொண்டே. "மேடையில பிளேனுக்கு ஸ்டூலு கூட போட்டுட்டாங்களாம்." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எரிந்துபோன மோட்டாரைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தார் பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர், என் வாடிக்கைக்காரர். "கரும்பு காயுது, பேஜாரா கீது, இன்னிக்கே கட்டிக் குடு" என்றார். இன்று முடியவே முடியாது என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன்.

அவர் என் கையையே பார்த்தார். "இன்னாபா இது, முட்டிக்குக் கீழ பளபளன்னு? ஏளு போட்டுக்கினு கீற?"

கருப்பு ஏழு. அது என் நிறத்துக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டிருந்தது. இடுக்கிக்காக எட்டியபோது தட்டில் முழங்கை பட்டிருக்கிறது. இவ்வளவு நேரமும் அதைச் சுமந்துகொண்டே அதைத் தேடியிருக்கிறேன்.

"தொடாதீங்க!" என்றோம் நானும் மனைவியும் ஒரே குரலில். பாவம், அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

ஏழு தோலோடு காய்ந்து ஒட்டியிருந்தது. சோற்றுக் குண்டானில் கேன் தண்ணீரை ஊற்றி, முழங்கையை அதில் ஊற வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விவசாயி எதிரில் குந்திக்கொண்டார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு இப்புடி முகத்த வச்சினு கீற?"

வெகுநேரம் கழித்து ஒரு ஓரம் மட்டும் எழும்பியது. மனைவிதான் தூரிகையை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுருளாமல் அதைத் தாளில் ஏந்தினாள். முழுசாக வந்துவிட்டது. ஆனால் அவ்வளவு ஊறியதில் அடியில் இருந்த பசை கரைந்து போயிருந்தது. விமானத்தில் ஏற்றினோம். நின்றது. நின்றது என்றால், நாற்காலி நுனியில் உட்கார்ந்த விருந்தாளி மாதிரி. வார்னிஷ் அடித்துவிட்டால் பிடித்துக்கொள்ளும், ஆனால் இந்தக் களேபரத்தில் கதவைத் திறந்து போட்டதில் அறைக்குள்ளேயே பதர் மிதந்தது. அடித்தால் வெள்ளி விமானம் வைக்கோல் விமானமாகிவிடும். அடிக்கவில்லை. விவசாயியின் மோட்டாரைச் சாயங்காலமே கட்டிக் கொடுத்தேன். ஏழைக் கண்டுபிடித்தவருக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் திருப்புட்குழி மண்டபத்துக்குக் காரில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரைக் கெஞ்சினேன். மேடையில் விமானத்தைப் பார்த்த மச்சான் போட்டோவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார், நம்பரோடு ஒப்பிட்டார், திரும்ப வைத்துக்கொண்டார். உருளைக்கிழங்குக் கூட்டம் ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனது. மனைவி ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே காவல்காரி மாதிரி நின்றாள்.

போட்டோவில் விழட்டும் என்று மச்சான் ஸ்டூலைத் தம் மணைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. கலசங்களைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர்கள் வரிசையாக மேடை ஏறினபோதுதான் உறைத்தது. அறுபதாம் கல்யாணத்தில் தம்பதி தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். அதுவும் எங்கள் ஆட்கள் ஊற்றினால் ஏரி உடைந்த மாதிரி ஊற்றுவார்கள்.

நான் பாய்ந்தேன். ஒரு நடுத்தர வயது மனிதன் பட்டு வேட்டியில் பாய்வதை வீடியோவில் பிறகு பார்த்தேன், வேண்டாம். விமானத்தின் மேல் குடை மாதிரிக் கவிழ்ந்துகொண்டேன். முதல் குடம் என் முதுகில். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தால், எப்படியோ ஒரு சொட்டு உள்ளே புகுந்திருந்தது. ஏழு கீழே சரிந்து படுத்திருந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மச்சான், மன்னிச்சிக்கோங்க, அந்த ஏழு..." என்று ஆரம்பித்தேன்.

"உஷ்" என்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஸ்டூலின் முன் குனிந்தார். ஈர விரல் நுனியால் ஏழைத் தொட்டு, நூலளவு மேலே ஏற்றினார். பிறகு இன்னும் கொஞ்சம். "நேரா கீதா பாரும்மா" என்று தங்கச்சியிடம் கேட்டார்.

"வலது பக்கம் தூக்கிக்கினு கீதுண்ணா."

சரிசெய்தார். துண்டு நுனியால் ஒற்றினார்.

ஐயர் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, "நேரம் ஆயிண்டிருக்கு" என்றார்.

"இரு சாமி. காயட்டும்."

"இத்தினி வருசம் கழிச்சி திரும்பத் தாலி கட்டப் போறீங்க, ஒரு ஏளுக்காக என்னியக் காக்க வைக்கிறீங்களே" என்றார் மச்சானின் மனைவி.

"நீ எங்கியும் போவ மாட்ட. இது போயிடும்."

மண்டபமே சிரித்தது. மேளக்காரர் கெட்டிமேளத்துக்குக் குச்சியை ஓங்கினபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் விரலை ஏழின் மேல் லேசாக வைத்திருந்தார். என் மனைவி பத்திரிகையை மடித்து மெல்ல விசிறினாள், பறந்துவிடாதபடி, அவ்வளவு மெல்ல. நான் ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு, அந்தப் பக்கமே மூச்சு விடாமல் நின்றேன்.