பின்பாதிச் சொற்கள்

அந்த நாவலைச் சவர பிளேடால் இரண்டாக அறுத்தது நான்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் பயிற்சி வகுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிப் போன பிறகு, மேசைமேல் செய்தித்தாளை விரித்துப் புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்தேன். பசை காய்ந்துபோன பழைய பிரதி. முதுகின் நடுவில் பிளேடை வைத்து ஒரு முறை இழுத்ததும் வாய் பிளந்தது. தையல் நூல் மட்டும் இரண்டு இடங்களில் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. தோழி குனிந்து அதைப் பல்லால் கடித்து அறுத்தாள். நூலைத் துப்பிவிட்டு, "கூறு போட்டாச்சு. எனுக்குத் தலப்பக்கமா, வால்பக்கமா?" என்றாள்.

அவள் வால்பக்கத்தை எடுத்துக்கொண்டாள். அகராதி என்னிடம் இருந்தது. என் அப்பா வாங்கித் தந்தது. நாங்கள் இருவரும் அஞ்சல்வழியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தோம். மற்ற எல்லாத் தாள்களிலும் தேறியிருந்தும், அமெரிக்க இலக்கியத் தாளில் மட்டும் சேர்ந்தே தவறியிருந்தோம். அந்த நாவலாசிரியரின் சொற்கள்தாம் எங்களைத் தோற்கடித்தன. ஒரு வாக்கியம் பக்கத்தின் மேல்முனையில் தொடங்கிக் கீழ்முனையில் முடியும். அதற்குள் நாங்கள் அறியாத ஆறேழு சொற்கள் இருக்கும். "இந்தாளு எங்கூரு பஸ்ஸாட்டம்டீ. கை காட்டுன எடத்துல எல்லாம் நின்னு நின்னு போறான். ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள யாரு ஏறுனா, யாரு எறங்குனான்னே மறந்துபூடுது" என்பாள் தோழி.

அவள் ஊர் கல்வராயன் மலைமேல் இருந்தது. அங்கே பால்வாடியில் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிறுதோறும் முதல் பேருந்தில் இறங்கி வந்து கடைசிப் பேருந்தில் ஏறிப் போவாள். மலையிலிருந்த உறைவிடப் பள்ளிக்கு அந்த ஆண்டு ஓர் ஆசிரியரை நியமிக்க இருந்தார்கள். பட்டம் முடித்த மலைப்பெண் கிடைத்தால் அவளுக்கே முதலிடம் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். மறுதேர்வில் இந்த ஒரு தாள் தேறினால் அந்த வேலை அவளுடையது. தேறாவிட்டால் ஆண்டு முடிவதற்குள் வேறொருவருடையதாகிவிடும். எனக்கு அப்படி எந்த நெருக்கடியும் இல்லை. தேறாவிட்டால் இன்னொரு முறை எழுதுவேன், அவ்வளவுதான்.

நான் சொற்களை அகர வரிசையில் எழுதி, எதிரே பொருள் எழுதி, தினம் இருபது என்று மனப்பாடம் செய்தேன். ஒரு சொல்லுக்கு அகராதி நான்கு பொருள் தந்தால் நான்கையும் எழுதிக்கொள்வேன். எழுதிய மறுநாளே பாதி மறந்துவிடும். அகராதி இல்லாத தோழியோ, தெரியாத சொல் வந்தால் அந்த வாக்கியத்தை மூன்று நான்கு முறை படித்து, பொருள் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்து, பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்வாள். ஞாயிறன்று அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு நான் அகராதியைப் பிரிப்பேன். 'லாஸிட்யூட்' என்ற சொல்லுக்கு அகராதியில் களைப்பு, சோர்வு என்று இருந்தது. அவள் எழுதியிருந்தது: சாமை அறுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவளுக்குத் தாகம் எடுத்தும் பானைவரை போக மனம் வராதது. 'இன்ஸ்க்ரூட்டபிள்' என்றால் என்னவென்று கேட்டபோது, "ஃபாரஸ்ட் கார்டு மூஞ்சி. சிரிக்கிறானா மொறைக்கிறானான்னு கிட்டப் போனாலும் தெரியாது" என்றாள். 'அக்வியெஸ்' என்ற சொல்லுக்கு என் ஏட்டில் இணங்கு, உடன்படு என்று இருந்தது. அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "ஒடம்பட்றது வேற. இது, வேணாம்னு சொல்ல வாய் வராம தலைய ஆட்றது. அந்தப் பொண்ணு அப்பன்கிட்ட அப்புடித்தான் நிக்குது, படிச்சுப் பாரு." படித்துப் பார்த்தேன். அப்படித்தான் நின்றது.

எங்கள் சாதியினர் இடஒதுக்கீடு கேட்டுப் போராடிய ஆண்டுகள் அவை. எங்கள் பக்கத்து வீடுகளில் படித்த முதல் தலைமுறை நாங்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். தேர்வுக்கு முந்திய வாரம், சனிக்கிழமை மாலை, அண்ணன் கோடரிக்குப் புதிதாகக் காம்பு போட்டுக்கொண்டிருந்தான். புதன்கிழமை முதல் சாலையெல்லாம் மரம் விழும், மலைப்பாதையும் தப்பாது, ஒரு வாரத்துக்குக் குறையாது என்று அம்மாவிடம் சொன்னான். என்னைப் பார்த்து, "வெளிய மூச்சு வுடாத. போலீஸ்காரன் காதுக்குப் போச்சுன்னா வூட்டு வாசல்ல வந்து நிப்பான்" என்றான். தேர்வு அதற்கடுத்த திங்கட்கிழமை.

மறுநாள் கடைசி வகுப்பு முடிந்து தோழியுடன் பேருந்து நிலையம் வரை நடந்தேன். அண்ணனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை, ஆனால் காரணம் அதுவன்று. சாலை அடைபடப் போகிறது என்று சொன்னால், அடுத்த வார்த்தையாக, எங்கள் வீட்டில் தங்கிக்கொள் என்று சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் வீட்டுக்கு அவள் ஒருமுறை வந்திருக்கிறாள். அம்மா முகம் சுளிக்கவில்லை. நன்றாகவே பேசினாள். தேனும் கடுக்காயும் கொண்டுவரும் மலைக்காரர்களுக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த அலுமினியக் குவளையில், வாசலிலேயே மோர் கொடுத்தாள். தோழி குடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அதன்பின் நானும் அழைக்கவில்லை, அவளும் வரவில்லை. ஒன்பது நாள் அவளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள அம்மாவிடம் போராட வேண்டும். நான் போராடத் தெரியாதவள். பேருந்து கிளம்பியது. சன்னல் வழியே, "திங்கக்கெழம காலைல மொத பஸ்ஸு. எனுக்கு எடம் புடிச்சு வை. பரீட்சையில இன்னாடி எடம் புடிக்கிறதுன்றியா?" என்று தானே சொல்லித் தானே சிரித்தாள். நான் கையசைத்தேன்.

புதன்கிழமை மரங்கள் விழுந்தன. புளியமரங்கள், வேம்புகள், ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தூங்குமூஞ்சி மரங்கள். தேர்வு தள்ளிப்போகும் என்று நான்கு நாளும் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தள்ளிப்போகவில்லை. பெருஞ்சாலையை ஞாயிறு மாலைக்குள் திறந்துவிட்டார்கள். மலைக்குப் போகும் சாலை யாருக்கும் அவசரமாகத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை எனக்கு முன்னால் அவள் உட்கார வேண்டிய பெஞ்சு காலியாக இருந்தது. வினாத்தாளில் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு பத்தி கொடுத்து, அடிக்கோடிட்ட பத்துச் சொற்களுக்கு அந்த இடத்துக்குரிய பொருளை எழுதச் சொல்லியிருந்தார்கள். அது அவளுடைய பின்பாதியில் இருந்து எடுத்த பத்தி. என் ஏட்டின் பட்டியல் நினைவுக்கு வரவில்லை. அவள் சொன்னவை வந்தன. ஃபாரஸ்ட் கார்டை நீக்கி, சாமை வயலை நீக்கி, தேர்வாளர் ஏற்கும் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக எழுதினேன். ஒரு சொல்லிலும் தயங்கவில்லை.

ஒரு மணிக்கு வெளியே வந்தபோது தோழி தேர்வு நடந்த பள்ளியின் வாயிலில் நின்றுகொண்டிருந்தாள். சேலையின் கீழ்ப்பாதி சேறாக இருந்தது, முழங்கை சிராய்த்திருந்தது. முதல் நாளே புறப்பட்டு, அடிவாரத்தில் யாரோ உறவினர் வீட்டில் படுத்து, விடியுமுன் எழுந்து மீதியை நடந்திருக்கிறாள். அவள்தான் முதலில் பேசினாள்.

"இன்னா கேட்டாங்க? குடு, பாக்கலாம்."

வினாத்தாளை வாங்கி, மதில் நிழலில் நின்று படித்தாள். அந்தப் பத்திக்கு வந்ததும் விரலை வைத்துக்கொண்டு, பத்துச் சொற்களுக்கும் வரிசையாகப் பொருள் சொன்னாள். சொல்லி முடித்து, "சரியாடி?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி" என்றேன்.

"வழியில மரம் வெட்னவங்ககிட்டதான் தண்ணி வாங்கிக் குடிச்சேன். நல்ல மனுசங்க. ரெண்டு பேரு கை குடுத்து மரத்துக்கு மேல ஏத்தி வுட்டாங்க. 'பரீட்சைன்ற, மின்னாடியே எறங்கி வந்து தங்கியிருக்கலாமே, யாரும் சொல்லலியாம்மா?'ன்னாங்க." வினாத்தாளை நான்காக மடித்து என்னிடம் நீட்டினாள். "எனுக்கு யாரு சொல்லுவா?"

அது கேள்வியா, அவளுக்குத் தெரிந்துவிட்டதா என்று அந்த முகத்திலிருந்து என்னால் அறிய முடியவில்லை. வாங்கி மடிப்பைப் பிரித்தேன், மறுபடி மடித்தேன். எங்கள் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. சாப்பிட்டாயா என்றுகூட நான் கேட்கவில்லை. கேட்டால் அழைக்க வேண்டும். தெருக்குழாயில் அவள் முகமும் காலும் கழுவிக்கொண்டு, இருட்டுவதற்குள் அடிவாரம் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

நான் அறுபத்தெட்டு மதிப்பெண் பெற்றுத் தேறினேன். உறைவிடப் பள்ளிக்கு விழுப்புரத்திலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். தோழி அதன்பின் தேர்வு எழுதவில்லை.

இப்போது சென்னையில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். அந்த நாவலாசிரியரின் நீண்ட வாக்கியங்களை அகராதி இல்லாமல் படிக்க முடிகிறது. படிப்பதில் முன்போல் ஆவல் மட்டும் இல்லை. விடுதியில் இளையவர்கள் கடினச் சொற்களை எப்படிப் படிப்பது என்று கேட்டு வருவார்கள். பட்டியலை மூடு, வாக்கியத்தை நான்கு முறை படி, உனக்குத் தெரிந்த யாராவது அந்தச் சொல்லுக்குள் நிற்கிறார்களா என்று பார் என்பேன். சென்ற வாரம் ஒருத்தி, இது யார் சொல்லிக்கொடுத்த முறை அக்கா என்று கேட்டாள். என்னோடு படித்த ஒருத்தி என்றேன். அவர் இப்போது எங்கே கற்பிக்கிறார் என்றாள். கற்பிக்கவில்லை, கடைசித் தேர்வுக்கு அவளால் வர முடியவில்லை என்றேன். ஏன் என்று கேட்டாள்.

சாலை அடைத்திருந்தது என்றேன்.