வென்றவர்கள் அனுப்பிய சாப்பாடு

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் மாடிக்கு ஒரு வீடு. மூன்றாம் மாடியில் யாழ்ப்பாணத்து அக்கா. முதலாம் மாடியில், கணவனின் கம்ப்யூட்டர் வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்த இளம்பெண். இரண்டாம் மாடியில் நான். தரைவீட்டில் எழுபது தாண்டிய ஜெர்மன்காரர் தனியாக இருக்கிறார்.

போரைத் தொடங்கியவர் அவர்தான். எங்கள் சமையல் மணம் படிக்கட்டைவிட்டுப் போவதில்லை, கறித்தூள் வறுக்கும் நாளில் தன் கோட்டும் சேர்ந்து மணக்கிறது என்று வீட்டு நிர்வாகத்துக்கு எழுதினார். மூன்று வீட்டுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நான் அதை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, இரண்டு நாள் பாணும் ஜாமும் சாப்பிட்டேன். எனக்குச் சண்டை வராது.

மற்ற இருவருக்கும் நன்றாக வந்தது. அதுவரை படியில் கண்டால் தலையசைப்பதோடு சரி. இப்போது சனிக்கிழமைதோறும் என் குசினியில் கூடினார்கள். என் வீடு நடுவில் இருந்தது, அதுதான் காரணம். அக்கா சொல்லச் சொல்ல அந்தப் பெண் மடிக்கணினியில் பதில் எழுதினாள். நான் தேநீர் ஊற்றினேன். இந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருடத்தில் அவ்வளவு சிரிப்பை நான் கேட்டதில்லை.

மூன்று மாதத்தில் நிர்வாகம் பணிந்தது. சமைக்கலாம், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்றார்கள். எனக்கு வெற்றி பெரிதாகப் படவில்லை. சனிக்கிழமைகள் நின்றுவிடக் கூடாது என்றுதான் இருந்தது.

தோற்றவர்மேல் இருவருக்கும் இரக்கம் வந்தது. அக்கா இடியப்பமும் இறால் கறியும் அனுப்பினார். மறுநாள் அந்தப் பெண் அரிசிம்பருப்புச் சாதம் அனுப்பினாள். வெறும் பாத்திரங்களோடு ஜெர்மன்காரர் என்னிடம் வந்து, இப்படியே கொடுக்கலாமா என்று கேட்டார். எங்கள் ஆட்கள் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் நீளமான வசனம் அது. பேசாமல் இருந்திருக்கலாம்.

அக்காவின் பாத்திரத்தில் ஆப்பிள் கேக் போனது. அந்தப் பெண்ணின் டப்பாவில் வெள்ளரிக்காய் ஊறுகாய்.

“அவங்களுக்கு கேக், எனக்கு ஊறுகாயா? நம்ம சாதத்துல என்ன குறைச்சல், சொல்லுங்கக்கா.”

ஒரு குறைச்சலும் இல்லை என்றேன்.

மேலே போனால் அக்கா சொன்னார்: “அந்தப் பிள்ளையின்ர சோறு பத்தியச் சோறு மாதிரி. தன்னை வருத்தக்காரன் எண்டு நினைக்கினம் எண்டு மனுசன் பயந்திருப்பார்.”

பிறகு அக்காவிடமிருந்து ஆட்டிறைச்சிக் கறி போனது. அதற்குப் போட்டியாக முதலாம் மாடியிலிருந்து பால் பாயசம் போனது. கிழமைக்கு மூன்று முறை இரண்டு பக்கமிருந்தும் சாப்பாடு இறங்கியது. இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

“அவ வாறா எண்டால் நான் வரமாட்டன். நீர் எந்தப் பக்கம்?” என்றார் அக்கா.

எங்கள் நாடு அணிசேரா நாடு என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருந்தேன். “நான் நடுவில தானே இருக்கிறன் அக்கா” என்றேன்.

“நடுவீட்டில இருந்தால் நடுநிலையோ?”

ஒருநாள் தரைவீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து காட்டினார். கை நுழைக்க இடமில்லை. தினமும் கேக் சுட்டுக் களைத்துவிட்டதாகச் சொன்னார். அவருடைய அம்மா பெர்லின்காரி. “அமெரிக்கனும் ரஷ்யனும் சேர்ந்து எங்களை வென்றார்கள். வென்ற கையோடு, எங்களுக்கு யார் சாப்பாடு போடுவது என்று அவர்களுக்குள் போட்டி. அம்மா இரண்டு பக்கமும் சாப்பிட்டாள். எது நல்லது என்று சாகும்வரை சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். நிறுத்தச் சொல்லி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”

இருவர் முகத்தையும் பார்த்து அதைச் சொல்ல எனக்கு ஏலாது. ஒரே விஷயத்தை இரண்டு தாளில் எழுதி, இரண்டு கதவுக்கும் கீழே தள்ளினேன்: ‘அவரால் இவ்வளவு சாப்பிட முடியவில்லை. தயவுசெய்து இனி அனுப்ப வேண்டாம்.’

பின்னேரம் படிக்கட்டில் இருவரும் தாள்களை ஒப்பிட்டுப் பார்த்தது என் கதவுக்குள் கேட்டது.

“உங்களுக்கும் இதேதானா?”

“ஓம், எழுத்துக்கு எழுத்து. தான் ஒருநாளும் ஒரு பிடி சுண்டலும் குடுத்ததில்லை. எங்களுக்குப் புத்தி சொல்ல வெளிக்கிட்டிட்டா.”

“அதான! வயித்தெரிச்சல்க்கா.”

சுண்டல் விஷயம் உண்மைதான்.

சாப்பாடு நின்றது. அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் தன் மடிக்கணினி இல்லாமல், ஒரு தட்டு முறுக்கோடு மூன்றாம் மாடிக்கு ஏறினாள். இப்போது கடைக்கும் இருவரும் ஒன்றாகத்தான் போகிறார்கள். இறங்கும்போது என் கதவுக்கு முன்னால் மட்டும் பேச்சு நிற்கும். முதலாம் மாடியில் திரும்பத் தொடங்கும்.