ரயிலில் பாடுகிறவள்

மமதா பாடி ஒரு முறை ரயிலே நின்றிருக்கிறது. சரி, சிவப்பு விழுந்ததால்தான் நின்றது. அதை அவளே ஒப்புக்கொள்வாள். ஆனால் பச்சை விழுந்த பிறகும் டிரைவருக்கு உடனே கிளம்ப மனசு வரவில்லை என்பதில் மட்டும் ஓர் அங்குலம் இறங்கி வரமாட்டாள்.

கோரமண்டல் ஸ்டேஷனில் விடியற்காலை ஏறி, பெங்களூருவில் சட்டைகளுக்குக் காலர் தைத்துவிட்டு, இருட்டிய பிறகு திரும்புகிற பிழைப்பு. பெண்கள் பெட்டியில் கதவோரம் அவள் இடம். பங்காரப்பேட்டை தாண்டியதும் தொண்டையைச் செருமுவாள். அவ்வளவுதான், இடத்துக்கு நடக்கிற சண்டை அடங்கிவிடும்.

அன்றைக்குப் பங்காரப்பேட்டை போயிற்று, டேகல் போயிற்று, அவள் வாயைத் திறக்கவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், செல்போனைப் பார்த்தாள், மறுபடி எழுந்தாள்.

“இன்னாடி, சீட்டுல எறும்பா?” என்றாள் எதிரே பூ கட்டிக்கொண்டிருந்த ரத்தினம்மா.

விஷயம் இதுதான். திருவிழாக் கமிட்டி மனோகர் ஊர்க் கலைஞர்களுக்குச் சால்வை போடுகிறார். முந்தின நாள் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்: “மேடையில படிக்கணும்மா. இன்னா சாதிச்சிக்கீறே? டிவி? பரிசு? ஒண்ணுமில்லாங்காட்டி ‘நூறு மேடை கண்டவர்’னு நானே போட்டுக்கறேன். காலையில போன் பண்றேன், சொல்லு.”

சால்வை வேண்டும். வேண்டாம் என்று உதற அவள் என்ன சாமியாரா? ஆனால் நூறு மேடை என்று படித்தால், கீழே உட்கார்ந்திருக்கும் ஊருக்கு ஒரு மேடைகூட நினைவுக்கு வராதே! உண்மையைச் சொன்னாலோ, இத்தனை வருடம் பாடியதும் கொட்டாவி விட்டதும் ஒன்று என்றாகிவிடும்.

“போட்டுக்கட்டும் உடு. நீ உடாத புருடாவா?” என்றாள் எல்லாம் கேட்டுவிட்டு ரத்தினம்மா.

“அது என் பொய்யிக்கா. இது அவரு பொய்யி.”

ரத்தினம்மா நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். “போன வாரம் நீ லீவு போட்ட அன்னிக்கு, பொட்டி பூரா சீட்டுக்கு முடியப் புடிச்சிக்கினாங்களே, அத எழுதச் சொல்லேன்.”

போன் அடித்தது. மனோகர்தான். மமதா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, மேடையெல்லாம் கெடையாது. பரிசும் கெடையாது. தெனம் ரயில்ல பாடற பொம்பளைன்னு போடுங்க. அதுக்குச் சால்வை இல்லன்னா உட்டுடுங்க.”

ரத்தினம்மா எட்டி, போனுக்குள் கத்தினாள்: “அதுவும் பொய்யிண்ணா! மாலூரே வந்துடுச்சு, இன்னிக்கு இவ இன்னும் வாயத் தெறக்கல!”